பேனா மாணவர் கையில் இருக்கட்டும்: முதலாண்டு வேதியியல் கேள்வி–பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பிற ஊர்களிலும் பல்கலைக்கழக முதலாண்டில் வேதியியல் எடுத்த பிள்ளைகளிடமிருந்தும், அவர்களுக்குச் சொல்லித்தருபவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். இந்நாட்டுத் தேர்வுத்தாள்களில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். தமிழில் படிக்க வசதியாக இங்கே புள்ளியே வைத்திருக்கிறோம்.

கேள்வி: பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் பிசிக்கல் சயின்ஸில் 74 வாங்கினேன். பல்கலைக்கழகத்தில் முதல் வேதியியல் டெஸ்ட்டில் 38. ராத்திரி பகலாகப் படித்துத்தான் போனேன். எங்கே சறுக்கியது? (சாட்ஸ்வர்த் மாணவர்)

முதலில் அந்த 74-ஐப் பிரித்துப் பாருங்கள் தம்பி. மெட்ரிக்கில் முதல் தாள் இயற்பியல், இரண்டாம் தாள் வேதியியல். ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். இயற்பியலில் வாங்கிய மதிப்பெண் வேதியியலின் பள்ளத்தை மூடியிருக்கலாம். பழைய முன்தேர்வுத் தாள் வீட்டில் இருந்தால் இரண்டாம் தாளை மட்டும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் கேள்வியின் அமைப்பு. மெட்ரிக் தாள் ஒரு கணக்கை 4.1, 4.2, 4.3 என்று துண்டு துண்டாக்கிக் கைபிடித்து அழைத்துப் போகும். பல்கலைக்கழகத் தாள் அதே கணக்கை ஒரே பத்தியாகக் கொடுத்துவிட்டு இறுதி விடையை மட்டும் கேட்கும். நடுவிலுள்ள படிகளை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். பாடம் பழையதுதான், படிக்கட்டைத்தான் எடுத்துவிட்டார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 8.10 கிராம் அலுமினியமும் 21.3 கிராம் குளோரின் வாயுவும் வினைபுரிகின்றன. எத்தனை கிராம் அலுமினியம் குளோரைடு கிடைக்கும்?

அவசரத்தில் இரண்டு விதமாக வழி தவறும். ஒருவர், அலுமினியம் எடையில் குறைவு, அதனால் அதுதான் முதலில் தீரும் என்பார். இன்னொருவர் மோலுக்கு, அதாவது துகள்களை எண்ணும் கட்டுக்கு, மாற்றுவார்: 8.10-ஐ 26.98-ஆல் வகுத்தால் 0.300 மோல் அலுமினியம், 21.3-ஐ 70.90-ஆல் வகுத்தால் 0.300 மோல் குளோரின். இரண்டும் சமம், ஆகவே இரண்டும் ஒன்றாகத் தீரும் என்பார். இருவருக்கும் விடை 0.300 மோல் அலுமினியம் குளோரைடு, அதாவது 40.0 கிராம். இங்கே நிறுத்திக் கேளுங்கள்: உள்ளே போட்டது மொத்தம் 29.4 கிராம். 40 கிராம் எங்கிருந்து வரும்?

சரியான வழி சமன்பாட்டில் இருக்கிறது. 2 அலுமினியத்துக்கு 3 குளோரின் மூலக்கூறு வேண்டும். கிடைப்பது 2 அலுமினியம் குளோரைடு. ஆகவே ஒவ்வொரு பொருளின் மோல் எண்ணிக்கையையும் அதற்கு முன்னால் நிற்கும் எண்ணால் வகுக்க வேண்டும். அலுமினியத்துக்கு 0.300-ஐ 2-ஆல் வகுக்க 0.150, குளோரினுக்கு 0.300-ஐ 3-ஆல் வகுக்க 0.100. சிறிய எண் குளோரினுடையது, அதனால் அதுவே முதலில் தீரும். வகுப்பில் லிமிட்டிங் ரீஏஜென்ட் என்று சொல்வது அதைத்தான். விளைபொருள் 0.100 × 2 = 0.200 மோல், எடை 26.7 கிராம். மிஞ்சும் அலுமினியம் 0.100 மோல், 2.70 கிராம். இரண்டையும் கூட்டினால் 29.4. கணக்கு நேராகிவிட்டது.

இனி எந்த மோல் கணக்கையும் நான்கு வரியில் எழுதுங்கள்: சமன்செய்த சமன்பாடு, ஒவ்வொரு பொருளின் மோல், சமன்பாட்டு எண்ணால் வகுத்து ஒப்பிடுதல், கேட்ட அலகுக்கு மாற்றுதல். ஒவ்வொரு எண்ணோடும் அலகும் பொருளின் பெயரும் இருக்கட்டும். வெறுமனே 0.300 என்று எழுதினால் அது எதனுடைய 0.300 என்று பத்து நிமிடம் கழித்து உங்களுக்கே தெரியாது. டெஸ்ட் தாளைத் திரும்ப வாங்கி, ஒவ்வொரு தவறும் இந்த நான்கில் எந்த வரியில் பிறந்தது என்று ஓரத்தில் குறியுங்கள். பெரும்பாலும் ஒரே வரியில்தான் திரும்பத் திரும்பத் தவறு விழும். அது தெரிந்தால் படிக்க வேண்டிய சுமை கால்வாசியாகக் குறையும்.

சின்ன விஷயம் ஒன்று: மெட்ரிக் தகவல் தாளில் குளோரினுக்கு 35.5, அலுமினியத்துக்கு 27 என்று இருந்தது. இங்கே 35.45, 26.98. எந்த அட்டவணையைக் கொடுக்கிறார்களோ அதையே எடுங்கள், நினைவிலிருந்து போடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு வாரம் இரண்டு தடவை டியூஷன் வைத்திருக்கிறோம். சார் சொல்லித்தரும்போது எல்லாம் புரிகிறதாம். டெஸ்ட்டில் ஒன்றும் எழுத வருவதில்லை. ஆளை மாற்றுவதா? (ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தாய்)

மாற்றும் முன் ஒரு மணி நேரம் அடுத்த அறையில் இருந்து கவனியுங்கள் அம்மா. பேனா யார் கையில் இருக்கிறது, பேசுவது யார், இந்த இரண்டும் போதும். சார் எழுதிக்கொண்டே விளக்க, மகள் தலையாட்டிக்கொண்டே பார்த்தால், காசு கொடுத்து வேடிக்கை பார்க்கிறாள் என்று அர்த்தம். தேர்ந்த கை போடும் கணக்கு எப்போதும் எளிதாகத்தான் தெரியும். எந்தச் சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது, எந்த எண்ணை முதலில் எடுப்பது என்று மனம் தடுமாற வேண்டிய இடங்களை எல்லாம் அவரே கடந்துவிடுகிறார். தடுமாறிய அனுபவம் இல்லாமல் தேர்வுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்தால் கை நின்றுவிடும்.

ஒரு மணி நேரம் இப்படி நடந்தால் நல்லது. முதல் 10 நிமிடம், போன வாரக் கணக்கு ஒன்றை வெற்றுத் தாளில், குறிப்பைப் பார்க்காமல், மகள் எழுத வேண்டும். அடுத்த 35 நிமிடத்தில் இரண்டு அல்லது மூன்று கணக்கு போதும்; பேனா மகளிடம், கேள்வி மட்டும் சாரிடம். எங்கே நின்றாலும் அவர் விடையைச் சொல்லாமல், என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், நடுவில் என்ன குறைகிறது என்று கேட்க வேண்டும். கடைசியில் முழுக்க முடித்த கணக்கு ஒன்றைப் படித்து, ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்று மகள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முற்றிலும் புதிய பாடமானால் இதையே முதலில் வைக்கலாம். அடிப்படை இல்லாத இடத்தில் வெறும் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதும் கொடுமைதான்.

பிராக் எனும் செய்முறை வகுப்பின் அறிக்கையையோ அசைன்மென்ட்டையோ எழுதிக்கொடுக்கும் டியூட்டர் என்றால் அன்றே நிறுத்துங்கள். அது ஒழுங்கு நடவடிக்கை வரை போகும், படிப்பும் வராது.

பல்கலைக்கழகத்திலேயே காசில்லாமல் கிடைப்பதை மகள் பயன்படுத்துகிறாளா என்றும் கேளுங்கள். வாராந்திர டட் எனும் சிறுகுழு வகுப்பு, விரிவுரையாளர்கள் கதவில் ஒட்டியிருக்கும் சந்திப்பு நேரம், பிராக்கில் நிற்கும் டெமான்ஸ்ட்ரேட்டர்கள், மூத்த மாணவர்கள் நடத்தும் உதவி வகுப்பு எல்லாம் கல்விக் கட்டணத்துக்குள் அடங்கியவை. பல துறைகளில் டட்டும் பிராக்கும் போதிய அளவு முடித்தால்தான் டிபி எனும் தேர்வெழுதும் தகுதி கிடைக்கும். டிபி இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது. எத்தனை தடவை தவறலாம், உடம்பு சரியில்லாத நாளுக்கு மருத்துவச் சான்று எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பாடக் கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை முதல் வாரமே இருவரும் சேர்ந்து படித்துவிடுங்கள்.

கேள்வி: டைட்ரேஷன் பிராக்கில் எனக்கு 24.10, 24.85, 23.60 மில்லிலிட்டர் என்று மூன்று தடவையும் வேறு வேறாக வந்தது. பக்கத்து மேசையில் எல்லாம் ஒத்துப்போகிறது. பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, குடுவையில் அமிலம், பினாப்தலீன் நிறங்காட்டி. (பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவி)

டைட்ரேஷன் என்றால், அளவுகோடு போட்ட பியூரெட் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டவிட்டு, குடுவையில் உள்ளதை நடுநிலையாக்க எவ்வளவு செலவாகிறது என்று அளப்பது. அளவு கூடுவதற்கும் குறைவதற்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. அதைப் பிரித்துப் பார்த்தால் பிழை தானாக மாட்டும்.

கூடுதலாக வந்ததை முதலில் பாருங்கள். பியூரெட்டைத் தண்ணீரில் கழுவி அப்படியே நிரப்பினால், சுவரில் ஒட்டிய தண்ணீர் கரைசலை நீர்க்கச் செய்யும், அளவு கூடும். 5 முதல் 10 மில்லிலிட்டர் அதே கரைசலை ஊற்றிச் சுழற்றி, குழாய் வழியாகவே வெளியேற்றுங்கள். இரண்டு தடவை செய்ய வேண்டும். அடுத்தது குழாய்த் திருகுக்குக் கீழே ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழி. டைட்ரேஷன் நடுவில் அது வெளியேறினால், குமிழி இருந்த இடத்தைக் கரைசல் நிரப்பும். குடுவைக்குள் போகாத கரைசலும் போனதாகக் கணக்காகும். தொடங்கும் முன் திருகை ஒரு நொடி முழுதாகத் திறந்து குமிழியைத் தள்ளிவிடுங்கள். மூன்றாவது, கூம்புக் குடுவையை அமிலத்தால் கழுவுவது. அப்படிச் செய்தால் பிப்பெட் அளந்ததற்கு மேல் அமிலம் உள்ளே இருக்கும். குடுவையை வாலைவடிநீரால் மட்டுமே கழுவ வேண்டும். அது ஈரமாக இருந்தாலும் கெடுதல் இல்லை, தண்ணீர் சேர்வதால் அமிலத்தின் மோல் மாறாது. பியூரெட்டுக்குக் கரைசல், குடுவைக்குத் தண்ணீர் என்ற இந்த வேறுபாட்டை மனப்பாடம் செய்யாமல் காரணத்தோடு பிடித்துக்கொள்ளுங்கள். பியூரெட்டில் செறிவு மாறக்கூடாது, குடுவையில் மோல் மாறக்கூடாது.

பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதிவிட்டாலும் அளவு கூடும். அந்தத் துளி தங்கும் என்று கணக்கிட்டுத்தான் அந்தப் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டுச் சில நொடி நிறுத்தி எடுத்தால் போதும்.

குறைவாக வந்த 23.60-க்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது பியூரெட் தலையில் மறந்து விட்ட புனல். அதிலிருந்து ஒரு சில துளி விழுந்தால் மட்டம் ஏறும், செலவான அளவு குறைந்து தெரியும். முடிவு அளவை எடுக்கும்போது கண் மட்டத்துக்கு மேலே இருந்தாலும் எண் குறையும், பியூரெட்டில் எண்கள் மேலிருந்து கீழே கூடிப்போவதால். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, கண்ணை நீர்மட்ட வளைவின் அடிக்கு நேராக வையுங்கள்.

முடிவுப் புள்ளிக்கு வருவோம். ஒரு துளி சுமார் 0.05 மில்லிலிட்டர். குடுவையைச் சுழற்றியும் 30 நொடி நிற்கும் மிக வெளிறிய இளஞ்சிவப்பு போதும். செம்பருத்தி நிறம் வந்துவிட்டால் நீங்கள் வெகுதூரம் தாண்டிவிட்டீர்கள். பிறகு மெல்ல நிறம் மங்கினால் பயப்பட வேண்டாம், காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடு கரைகிறது. மேலும் துளி விடாதீர்கள். காட்டி 2, 3 சொட்டுக்கு மேல் வேண்டாம்.

முதல் தடவையை உத்தேசமாக வேகமாகச் செய்து கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். பிறகு 0.10 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போகும் மூன்று வரும்வரை செய்யுங்கள். ஒத்துவராத எண்ணைத் திருத்தி எழுதாதீர்கள். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு.

சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவையும் பாட்டிலின் மேல் எழுதியிருப்பதால் மட்டும் நம்ப முடியாது. அது ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் காற்றிலிருந்து உறிஞ்சும். அதனால்தான் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை எடைபோட்டு அதன் செறிவைச் சரிபார்க்கிறோம். அதன் மோல் எடை 204.22. சுமார் 0.51 கிராம் எடுத்து 50 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்தால், 0.100 மோலார் (லிட்டருக்கு 0.100 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு ஏறக்குறைய 25 மில்லிலிட்டர் செலவாகும்.

டெமான்ஸ்ட்ரேட்டர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மாணவியின் கையிலிருந்து பியூரெட்டை வாங்கி நீங்களே முடித்துக் கொடுக்காதீர்கள். எந்தத் தடவை எண் கூடியது, அந்தத் தடவை என்ன வேறாகச் செய்தாய் என்று கேளுங்கள். 24.85 வந்ததற்குக் காரணத்தை அவளே கண்டுபிடித்தால் அது வருடம் முழுக்க நிற்கும்.

கேள்வி: துத்தநாகம்–வெள்ளி மின்கலக் கணக்கில் வெள்ளியின் மின்முனை அழுத்தத்தை 2-ஆல் பெருக்கியதற்கு முழு மதிப்பெண்ணும் போய்விட்டது. எலக்ட்ரானைச் சமன்செய்ய வேண்டாமா? (மெரிபேங்க் மாணவர்)

எலக்ட்ரானைச் சமன்செய்யுங்கள், அழுத்தத்தைத் தொடாதீர்கள். வெள்ளி 0.80 வோல்ட், துத்தநாகம் கழித்தல் 0.76. கலத்தின் அழுத்தம் 0.80 − (−0.76) = 1.56 வோல்ட். நீங்கள் 2.36 எழுதியிருப்பீர்கள். வோல்ட் என்பது ஓர் அலகு மின்னூட்டத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்ற விகிதம். எலக்ட்ரான் இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும், விகிதம் அப்படியே நிற்கும். தகடு பெரியதானாலும் அப்படியே. டார்ச்சில் போடும் சிறிய பேட்டரிக்கும் பெரிய பேட்டரிக்கும் ஒரே 1.5 வோல்ட் இருப்பது இதனால்தான்.

கேள்வி: வாரம் ஒரு முறை 18 முதலாண்டு மாணவர்களுக்கு டட் எடுக்கிறேன். புரிகிறதா என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். டெஸ்ட் வந்தால் பாதிப் பேர் விழுகிறார்கள். பலருக்கு வீட்டு மொழி ஸூலு, எனக்கு அது தெரியாது. (டர்பனில் முதுகலை மாணவர்)

புரிகிறதா என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு ஆம் என்பதைத் தவிர வேறு விடை சொல்ல யாருக்கும் துணிவு வராது. தவறான விடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்த கேள்வியைக் கேளுங்கள்.

கெட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது? காற்று என்று சிலர், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று சிலர் எழுதுவார்கள். இருப்பது நீராவி. ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று எழுதியவர், கொதிக்கும்போது மூலக்கூறே உடைகிறது என்று நம்புகிறார். அந்த நம்பிக்கை திருந்தாத வரை மூலக்கூறுகளுக்கு இடையிலான விசை பற்றி நீங்கள் பேசுவது எதுவும் உள்ளே போகாது. சமநிலையில் வினைபடுபொருளும் விளைபொருளும் சம அளவில் இருக்கும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. சமமாவது முன்னோக்கு, பின்னோக்கு வினைகளின் வேகம்தான். பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படும் என்பது மூன்றாவது. உடைக்க ஆற்றல் வேண்டும், பிணைப்பு உருவாகும்போதுதான் வெளிப்படும். உணவில் ஆற்றல் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்று உயிரியல் வகுப்பில் கேட்ட சொல் இந்தக் குழப்பத்தை வளர்த்துவிடுகிறது.

இவற்றையெல்லாம்விட மனதில் இருப்பதைக் காட்டிக்கொடுப்பது ஒரு படம். பெட்டி ஒன்று வரைந்து, அதில் 3 நைட்ரஜன் மூலக்கூறும் 6 ஹைட்ரஜன் மூலக்கூறும் போடுங்கள். அம்மோனியா உருவாகி (1 நைட்ரஜனுக்கு 3 ஹைட்ரஜன், கிடைப்பது 2 அம்மோனியா) வினை முழுதாக முடிந்த பின் பெட்டி எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லுங்கள். சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதிய கையே இங்கே தடுமாறும். சிலர் இரண்டு நைட்ரஜனும் ஆறு ஹைட்ரஜனும் ஒட்டிய ஒரே பெரிய உருண்டையை வரைவார்கள். சமன்பாட்டில் முன்னால் நிற்கும் 2 என்பதைத் தனித்தனி இரண்டு மூலக்கூறாக அவர்கள் படிக்கவில்லை. சிலர் சமன்பாட்டில் உள்ளபடி 2 அம்மோனியா மட்டும் வரைந்து மீதியைக் காணாமலாக்குவார்கள். சரியான படத்தில் 4 அம்மோனியாவும் மிஞ்சிய 1 நைட்ரஜனும் இருக்கும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991-இல் எழுதியது இதைத்தான் விளக்குகிறது. வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளத்தில் ஓடுகிறது: கண்ணால் காண்பது, அணு அளவில் நடப்பது, குறியீடாக எழுதுவது. நமக்கு மூன்றுக்கும் நடுவே தாவிப் பழகிவிட்டது. முதலாண்டுப் பிள்ளை குறியீட்டில் மட்டும் நின்றுகொண்டு மற்ற இரண்டையும் பார்க்காமல் கணக்குப் போடுகிறது.

நடத்தும் முறை: கேள்வியைப் போட்டதும் 2 நிமிடம் பேச்சில்லாமல் தனியாக எழுதட்டும். பிறகு கைதூக்கி வாக்கு. ஏறத்தாழ எல்லோரும் சரி என்றால் நகருங்கள். பாதிக்குப் பாதி என்றால் பக்கத்தில் இருப்பவரோடு 3 நிமிடம் வாதாடவிட்டு மறுபடி வாக்கெடுங்கள். மிகச் சிலரே சரி என்றால் வாதாடிப் பயனில்லை, நீங்கள் திரும்ப நடத்த வேண்டும். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரவலாக்கிய முறை இது. வேதியியலுக்கும் அப்படியே பொருந்தும். வாதம் ஸூலுவில் நடந்தால் நடக்கட்டும். உங்களுக்குப் புரிய வேண்டியது கடைசியில் தாளில் வரும் படமும் எண்ணும். சிந்தனை அவர்களுக்குச் சரளமான மொழியில் நடப்பதுதான் நல்லது.

கணக்கு நேரத்தில் 18 பேரை மும்மூன்றாக ஆறு குழுவாக்குங்கள். குழுவுக்கு ஒரு தாள், ஒரு பேனா. கணக்குக்குக் கணக்கு பேனா கைமாற வேண்டும். நீங்கள் நடந்துகொண்டே பாருங்கள், அவர்கள் தாளில் எழுதாதீர்கள். தவறான வரியை விரலால் தொட்டு, இதற்கும் மேலே உள்ள வரிக்கும் நடுவில் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். கேட்டபின் பொறுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி காத்தாலே பதில் நீண்டு வருகிறது என்று அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து காட்டினார். வகுப்பில் மூன்று நொடி மௌனம் மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணுங்கள்.

கேள்வி: நான் பழைய காலத்து ஆள், தமிழ்ப் பள்ளியில் படித்தவன். பேத்தி இங்கிலீஷில் வேதியியல் படிக்கிறாள். என்னால் ஏதாவது உதவி செய்ய முடியுமா? (டோங்காட்டிலிருந்து ஒரு தாத்தா)

நிச்சயமாக முடியும் ஐயா. வெற்றிலைக் கவுளியைக் கொண்டு மோலைச் சொல்லிக்கொடுக்கலாம். கவுளி என்றால் நூறு வெற்றிலை. இளம் வெற்றிலைக் கவுளியும் முற்றிய வெற்றிலைக் கவுளியும் எண்ணிக்கையில் ஒன்று, தராசில் வேறு. மோலும் அப்படி ஒரு எண்ணிக்கைக் கட்டுதான். அதில் 6.02214076 × 10²³ துகள்கள். 2019 மே 20 முதல் இந்த எண்ணே அதன் வரையறை. ஒரு மோல் கார்பன் 12.01 கிராம், ஒரு மோல் ஈயம் 207.2 கிராம். பேத்தி கிராமையும் மோலையும் குழப்பும் ஒவ்வொரு தடவையும் கவுளியை நினைவுபடுத்துங்கள்.

ஆரத்தித் தட்டு இன்னொன்று. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அது காரத்தைக் காட்டும் நிறமாற்றம். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். பிராக்கில் பினாப்தலீன் செய்யும் வேலையும் அதுவே. சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: வேதியியலில் காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரானது. பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துக் குழப்புவதுண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, இன்று படித்ததை எனக்கு ஐந்து நிமிடம் சொல்லு என்று கேட்பது. பேத்தி தமிழும் இங்கிலீஷும் கலந்தே சொல்லட்டும். அது என்ன, ஏன் என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டாலே, தனக்குத் தெரியாத இடம் எது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சரியான விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: 1.0 × 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பிஎச் 8 என்று கால்குலேட்டர் காட்டுகிறது. அமிலம் காரமாகுமா? (லெனேசியா மாணவி)

ஆகாது. பிஎச் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தண்ணீரே தன் பங்குக்கு 10⁻⁷ அளவில் ஹைட்ரஜன் அயனி தருகிறது, அதை விட்டுவிட்டீர்கள். இரண்டையும் சமநிலையோடு சேர்த்துக் கணக்கிட்டால் 1.05 × 10⁻⁷, பிஎச் 6.98. அமிலச் செறிவு 10⁻⁶-க்குக் கீழே போனால் தண்ணீரை மறக்கக்கூடாது.

கால்குலேட்டர் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 3.011 × 10²³-ஐ 6.022 × 10²³-ஆல் வகுக்கும்போது பெருக்கல் குறி போட்டு, 10 போட்டு, அடுக்கு போட்டு அடித்தால் 5 × 10⁴⁵ வரும். சரியான விடை 0.5. கால்குலேட்டர் கீழே உள்ள 6.022-ஆல் வகுத்துவிட்டு 10²³-ஆல் பெருக்கிவிட்டது. பத்தின் அடுக்குக்கென்று தனிப் பொத்தான் இருக்கிறது, அதையே அழுத்துங்கள். இல்லாவிட்டால் கீழ் எண் முழுவதையும் அடைப்புக்குள் போடுங்கள்.

கேள்வி: சப் எனும் துணைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க நேரமில்லை. (வெருலம் மாணவர்)

முதலிலிருந்து படிக்கவும் வேண்டாம். விழுந்த தாளைப் பார்க்கத் துறையில் விண்ணப்பியுங்கள். போன ஒவ்வொரு மதிப்பெண்ணையும் மூன்றாகப் பிரியுங்கள்: பாடமே தெரியாதது, தெரிந்தும் வழி தவறியது, அவசரத்தில் விட்டது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் மூன்று வாரத்தில் திரும்ப வரும். அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

முதல் வாரம் மோல், சமன்பாடு, கரைசல் செறிவு, அயனிப் பெயர்கள். சமநிலையும் அமில–காரமும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. அடித்தளம் ஆடினால் மேலே எதைக் கட்டினாலும் நிற்காது. அயனிகளுக்கு இருபது அட்டை செய்து நாளுக்கு ஐந்து பழகுங்கள். ஒரு பக்கம் பெயர், மறு பக்கம் குறியீடும் மின்னூட்டமும். சல்பேட்டும் சல்பைட்டும், நைட்ரேட்டும் நைட்ரைட்டும் ஒரே நாளில் வேண்டாம், ஒன்றோடொன்று குழம்பும். இரண்டாம் வாரம் ஆற்றல், வாயுக்கள், சமநிலை, அமில–காரம். மூன்றாம் வாரம் பழைய தாள்கள், நேரம் வைத்து. மொத்த நிமிடத்தை மொத்த மதிப்பெண்ணால் வகுத்து, ஒரு மதிப்பெண்ணுக்கு எத்தனை நிமிடம் என்று தாளின் மேல் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

விடைக்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய தாள் பார்ப்பது படித்ததாகாது. ஒரு கணக்கில் நின்றுவிட்டால் 10 நிமிடம் போராடுங்கள். பிறகு குறிப்பில் ஒரே ஒரு வரி மட்டும் பார்த்து, மூடிவிட்டு, மீதியை நீங்களே எழுதுங்கள். தவறிய கணக்கை இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் வெற்றுத் தாளில் திரும்பப் போடுங்கள். அன்றே திரும்பப் போட்டால் கை நினைவில் வந்துவிடும், தெரிந்ததா என்று சோதித்ததாகாது. டட் நடத்துபவரிடம் போகும்போது, எனக்கு சமநிலை புரியவில்லை என்று சொல்லாமல், நீங்கள் போட்ட பாதிக் கணக்கோடு போங்கள். எந்த வரியில் நின்றீர்களோ அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கட்டும்.

தேர்வுக்கு முந்தின நாள் புதுப் பாடம் எதையும் தொடாதீர்கள். தவறிய கணக்குகளில் ஆறை மட்டும் எடுத்து ஒரு தடவை எழுதிப் பாருங்கள், அயனி அட்டைகளை ஒரு சுற்றுப் புரட்டுங்கள். அனுமதித்த வகைக் கால்குலேட்டரும் மாணவர் அட்டையும் பையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நேரத்தோடு தூங்குங்கள்.